பெரிய வீடு குரூப்பில் டெபெஷ் மோட்

அருண்: 🎥 வீடியோ

அருண்: லாஸ்ட் ஆஃப் அஸ் சீரிஸ்ல முதல் எபிசோட் முடியுறப்ப வருமே, அந்தப் பாட்டு. நெவர் லெட் மீ டவுன் அகெய்ன். மண்டைய விட்டு இறங்கவே மாட்டேங்குது. கூட்டம் மொத்தமும் கைய ஆட்டுறத பாருங்க

நித்யா: டெபெஷ் மோட்! அந்த இங்கிலாந்து பேண்ட்! எந்த ஊர் ஷோடா இது?

ரவி சித்தப்பா: கலிபோர்னியா. பாசடினா ரோஸ் பவுல் ஸ்டேடியம், 1988 ஜூன் 18. 60,000 பேருக்கு மேல.

அருண்: மாமா முழிச்சிட்டார் 😄

கோமதி அத்தை: பாட்டு நல்லாத்தான் இருக்கு. அந்தக் கண்ணாடி போட்டவர் என்ன வாசிக்கிறார்? ஒரு விரல்ல கீபோர்ட தொடுறார், மிச்ச நேரமெல்லாம் கை தட்டிட்டு நிக்கிறாரே

அருண்: அம்மா 😂😂😂 அவர்தான் ஆன்டி ஃப்ளெட்சர். உலகம் பூரா கேட்ட கேள்விய நீயும் கேட்டுட்ட

நித்யா: அத்தை, இந்த டூர வச்சு எடுத்த 101 டாக்குமென்டரில அவரே சொல்வார். மார்ட்டின் பாட்டு எழுதுவான், ஆலன் நல்லா வாசிப்பான், டேவ் பாடுவான், நான் சும்மா சுத்திட்டு இருப்பேன்னு

கோமதி அத்தை: நல்ல உத்தியோகம்

ரவி சித்தப்பா: இருங்க. டைப் பண்றேன்

அருண்: போச்சு. ஆடிட்டர் களத்துல இறங்கிட்டார்

ரவி சித்தப்பா: இவங்க எல்லாரும் எசெக்ஸ்ல பாசில்டன் பக்கத்துப் பசங்க. மார்ட்டின் கோர் பேங்க் கிளார்க், ஃப்ளெட்சர் இன்சூரன்ஸ் ஆபீஸ். 1980ல கிழக்கு லண்டன்ல கேனிங் டவுன், பிரிட்ஜ் ஹவுஸ்னு ஒரு பப். அங்க இவங்க வாசிக்கிறத டேனியல் மில்லர் கேட்டார். அவரோட ம்யூட் ரெக்கார்ட்ஸ் அப்ப கிட்டத்தட்ட ஒத்த ஆள் ரெக்கார்ட் கம்பெனி. பெரிய கம்பெனிங்க பணத்தோட வந்து நின்னும் பசங்க மில்லர் பக்கம்தான் போனாங்க. கை குலுக்கினதோட சரி, எழுத்துல ஒண்ணும் கிடையாது. லாபத்துல பாதிக்குப் பாதி.

நித்யா: பத்திரமே இல்லாமயா சித்தப்பா?

ரவி சித்தப்பா: வருஷக்கணக்கா அப்படித்தான் ஓடுச்சு

கோமதி அத்தை: இங்க கூடப் பொறந்தவனுக்குக் கொடுத்தாலே புரோநோட்டு கேக்குறாங்க

ரவி சித்தப்பா: அக்கா, அது வேற கதை

ரவி சித்தப்பா: விஷயத்துக்கு வரேன். ரொம்ப நாள் அவங்களுக்கு முழுநேர மேனேஜரே கிடையாது. அப்ப ஒப்பந்தம், டூர் செலவு, வரவு செலவு எல்லாம் யார் தலைல? மில்லரும் இந்தக் கண்ணாடிக்காரரும்தான். சுரம் சுரமா சிந்தசைசர் கீபோர்ட் வாசிக்கிறவன எங்க வேணா பிடிக்கலாம். இந்த ஆள் கிடைக்கிறதுதான் கஷ்டம்.

அருண்: மாமா, நான் ஒத்துக்க மாட்டேன். 1981ல முதல் ஆல்பம் வந்த கையோட வின்ஸ் கிளார்க் கிளம்பிட்டார். ஜஸ்ட் கான்ட் கெட் இனஃப் பாட்ட எழுதினவர். பேண்டே அங்க முடிஞ்சிருக்கணும். காப்பாத்தினது மார்ட்டினோட பேனா. அப்புறம் 1982ல வந்த ஆலன் வைல்டர்

நித்யா: வின்ஸ் போய் யாஸூ, இரேஷர்னு வேற பேண்டுங்க ஆரம்பிச்சதும் அதே ம்யூட்லதான். கோவிச்சுட்டுப் போனவரும் முதலாளிய மாத்தல 😄

அருண்: அந்த சவுண்ட்தான் மாமா மேட்டர். 1983 ஆல்பத்துக்கு லண்டன்ல ஷோர்டிச் பக்கம் தெருத்தெருவா போய் இரும்பு, தகரம், பைப்னு தட்டித் தட்டி ரெக்கார்ட் பண்ணி சாம்ப்ளர்ங்கிற மெஷின்ல ஏத்தினாங்க. அதையே கீபோர்ட்ல தாளமா வாசிச்சாங்க

கோமதி அத்தை: ஈயம் பூசுறவர் வந்த மாதிரி இருந்திருக்கும்

அருண்: 😂 அந்தச் சத்தத்துலதான் அடுத்த வருஷம் வந்த பாட்டு ஜெர்மனில நம்பர் ஒன். அப்படி உழைச்ச வைல்டர் 1995ல விலகுறப்ப என்ன சொன்னார்? வேலைப் பங்கு சமமா இல்ல, என் உழைப்புக்கு மரியாதை கிடைக்கலன்னு. யார் பேரும் சொல்லல. சொல்லணுமா?

நித்யா: அடேய்

அருண்: இன்னொண்ணு. 1994ல டூர் பாதில ஃப்ளெட்சர் கிளம்பிட்டார். அவர் இடத்துல வேற ஒருத்தர நிக்க வச்சு மிச்ச ஷோவ முடிச்சாங்க. ஷோ நின்னுச்சா? நிக்கல

ரவி சித்தப்பா: மனசு சரியில்லாம போனார்டா. அத கிண்டல் பண்ணாத.

அருண்: சாரி மாமா. அது தப்புதான்

ரவி சித்தப்பா: அவர் போன மறு வருஷம் வைல்டர் விலகினார். 1996ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல டேவ் கானுக்கு போதை அதிகமாகி இதயமே ரெண்டு நிமிஷம் நின்னுது. எல்லாம் ஃப்ளெட்சர் டூர்ல இல்லாததாலன்னு நான் சொல்ல வரல. ஆனா 1997ல அல்ட்ரான்னு ஆல்பம் வந்தப்ப மிச்சம் இருந்த மூணு பேர்ல இவர் ஒருத்தர்.

கோமதி அத்தை: இப்ப இருக்காரா?

நித்யா: இல்ல அத்தை. 2022 மே 26. வயசு 60தான்

கோமதி அத்தை: அடப்பாவமே

நித்யா: மறு வருஷம் மெமென்டோ மோரின்னு ஆல்பம் வந்துச்சு. சாவு உண்டுங்கிறத மறக்காதன்னு லத்தீன்ல அர்த்தம். அந்தப் பேரும் நிறைய பாட்டும் அவர் இருக்கறப்பவே முடிவானது. கேக்குறப்ப நம்பவே முடியாது

ரவி சித்தப்பா: மேடைல இப்ப டேவ், மார்ட்டின் ரெண்டு பேர்தான், கூட வாசிக்கிறவங்கள விட்டா. நடுவுல ஆள் இல்லாததால இப்பதான் நேருக்கு நேர் பேச வேண்டியிருக்குன்னு பேட்டில சொல்லிருக்காங்க. நாப்பது வருஷம் கழிச்சு!

அருண்: சரி மாமா. அரை பாயின்ட் உங்களுக்கு

ரவி சித்தப்பா: மிச்ச அரைய வைல்டருக்கு நானே கொடுத்துட்டேன். வயலேட்டர் ஆல்பத்த ஹெட்ஃபோன்ல கேட்டுட்டு வா, பேசுவோம்

கோமதி அத்தை: அருண் அந்த இரும்பு தட்டுற பாட்ட அனுப்பு

அருண்: பீப்பிள் ஆர் பீப்பிள். 🎵

அருண்: அம்மா நான் ஹால்லதான் இருக்கேன். ஏன் குரூப்ல கேக்குற