வேம்புக்குள் புதைந்த முள்ளுக்கம்பியை எடுக்கலாமா?

வணக்கம் உறவுகளே. திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவு எல்லையில் நிற்கும் வேம்பில், முன்பு யாரோ வேலிக்காக முள்ளுக்கம்பியைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் புதைந்துவிட்டது. கம்பிக்கு மேலே தண்டு வீங்கியும் கீழே ஒடுங்கியும் நிற்கிறது.

காரணம் விளங்குகிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் உள்ள மாறிழையம் என்ற மெல்லிய வளரும் படை, உட்பக்கமாகக் காழையும் (தண்ணீர் ஏற்றும் கட்டைப் பகுதி) வெளிப்பக்கமாக உரியத்தையும் (பட்டையின் உட்பகுதி) உருவாக்கிக்கொண்டே இருக்கும். தண்டும் வேரும் பருப்பது அதனால்தான். இலைகள் செய்யும் சீனி உரியத்தின் வழியாகத்தான் வேருக்கு இறங்கும். கம்பி அதை நெரித்தால் சீனி மேலேயே தேங்கும், வேர் பட்டினி கிடக்கும். பக்கத்துப் பனையிலும் இதே கம்பிதான், அதற்கு ஒன்றுமில்லை. பனைக்கு இந்த மாறிழையமே கிடையாது, வேம்பைப்போல் ஆண்டுதோறும் பருக்காது.

சரி, என் கேள்வி: கம்பியை இழுத்தால் மாறிழையம் கிழிந்துவிடுமா? வெளியே தெரியும் துண்டுகளை மட்டும் வெட்டி, புதைந்ததை அப்படியே விடுவதா? ஒழுங்கைப் பக்கம் கம்பி அறுந்து, ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை நன்றாக இருக்கிறது. மரம் பிழைக்க அது போதுமா?

மாரிக் காற்றில் அந்த இடத்தில் முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதை. மரத்தைத் தறிக்கவும் மனமில்லை. இப்படிக் கம்பி எடுத்துப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். படம் தேவையென்றால் போடுகிறேன்.