அப்பாவின் பல்செட்டுக்கு அடியில் போகாத பூஞ்சை

பாம்பனில் இருக்கிறோம். அப்பா மேல்வரிசைக்கு அக்ரிலிக் முழுப் பல்செட் போட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தீபாவளியிலிருந்து அது படும் இடம் மட்டும், அச்செடுத்ததுபோல், மேலண்ணம் செக்கச்செவேலென்று இருக்கிறது, கடைவாயும் வெடித்திருக்கிறது. மீன்குழம்பு பட்டால் எரிகிறதாம். பாம்பன்காரருக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா!

சர்க்கரை நோய் இல்லை. பூஞ்சைக்கு நிஸ்டாடின் சொட்டு, ஃப்ளூகோனசோல் மாத்திரை இரண்டும் ஆயிற்று. இரவில் பல்செட்டைக் கழற்றி குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியில் ஊறவைக்கிறோம். மருந்தை நிறுத்தினால் சிவப்பு திரும்பிவிடுகிறது.

கேண்டிடா அல்பிகன்ஸ் என்ற பூஞ்சை நோயில்லாத வாயிலும் இருப்பதுதான். கேண்டிடாவில் கிளாப்ரட்டா என்ற வகை என்றால் ஃப்ளூகோனசோலுக்கு எளிதில் மசியாது என்கிறார் மருத்துவர். ஆனால் எந்த வகை என்று இதுவரை யாரும் சோதிக்கவில்லை.

ராமநாதபுரத்திலோ மதுரையிலோ, அண்ணத்திலும் பல்செட்டிலும் மாதிரி எடுத்து, பூஞ்சையின் வகையையும் அதற்குக் கேட்கும் மருந்தையும் கண்டு சொல்லும் பரிசோதனைக்கூடம் எது?