கட்டிங் டிஸ்க் வெடித்தது: கார்டு இல்லாதது மட்டும்தான் காரணமா?

கேள்வி
எழுதியவர்: பட்டறை மாணவன்

வணக்கம். இரும்புக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறை ஒன்றில் எட்டு மாதங்களாக உதவியாளராக இருந்து வேலை கற்று வருகிறேன். நான்கு நாள்களுக்கு முன் எங்கள் மூத்தவர் 5 இன்ச் ஆங்கிள் கிரைண்டரால் (டிஸ்க் மாட்டிக் கையில் பிடித்து அறுக்கும், தேய்க்கும் மெஷின்) சதுரக் குழாய் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது டிஸ்க் வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு அவருடைய முன்கையைக் கிழித்ததில் ஏழு தையல் போட வேண்டியதாயிற்று. இன்னொரு துண்டு, குழாயின் மறுமுனையைப் பிடித்தபடி நான் குனிந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே, தகரத் தடுப்பில் குத்தி நின்றது. அதைக் குறடு போட்டுத்தான் பிடுங்க முடிந்தது. அன்று இரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

அந்த மெஷினில் கார்டு, அதாவது டிஸ்க்கின் ஒரு பக்கத்தை மூடும் காப்பு மூடி, கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இல்லை. கார்டு இருந்தால் அறுக்கும் கோடு தெரியாது என்பதால் கழற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். கார்டை மீண்டும் மாட்டிவிட்டால் போதுமா, டிஸ்க் உடைந்ததற்கு வேறு காரணம் இருக்குமா என்று அறிய விரும்புகிறேன். இன்னொரு ஐயமும் உண்டு. கையுறை இல்லாமல் எந்த மெஷினையும் தொடாதே என்கிறார் ஒருவர். டிரில்லிங் மெஷினில் கையுறை போடவே கூடாது என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில் 1
எழுதியவர்: பழைய ஃபேப்ரிகேட்டர்

தம்பி, நீங்கள் தப்பியது பெரிய காரியம். மூத்தவரின் கை விரைவில் ஆறட்டும்.

கார்டு டிஸ்க் உடையாமல் தடுப்பதில்லை. உடைந்தால் துண்டுகள் பிடித்திருப்பவர் பக்கம் வராமல் தடுக்கிறது. எனவே நீங்கள் கேட்டது இரண்டு தனித்தனிக் கேள்விகள். 5 இன்ச் மெஷின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகள் சுழலும். அந்த வேகத்தில் 125 மில்லிமீட்டர் டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 72 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உடைகிற துண்டு அதே வேகத்தோடு நேர்கோட்டில் பறக்கும் என்பதால், அதைப் பார்த்து விலகிக்கொள்ள யாராலும் முடியாது. கோடு தெரியவில்லை என்றால் கார்டைக் கழற்றக் கூடாது. அதன் பிடியைத் தளர்த்தி, மூடிய பக்கம் உங்களை நோக்கி இருக்கும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். கோடும் தெரியும், பொறியும் விலகிப் போகும்.

டிஸ்க் உடைவதற்குப் பல காரணங்கள் உண்டு. நான் அதிகம் பார்த்தது, அறுபடும் குழாய் பாரம் தாங்காமல் வெட்டின் இரு பக்கமும் உள்நோக்கிச் சாய்ந்து டிஸ்க்கைக் கவ்விக்கொள்வது. நீங்கள் மறுமுனையைக் கையால் பிடித்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கை சற்றே உயர்ந்தாலும் வெட்டு மூடிக்கொள்ளும். குழாயை வைஸ், கிளாம்ப் போன்ற பிடிப்புக் கருவியில் இறுக்கி, வெட்டி விழ வேண்டிய துண்டு தானாகக் கீழே சாய்ந்து வெட்டு திறந்துகொள்ளும்படி வைத்து அறுக்க வேண்டும். அறுக்கும்போது யாரும், உதவிக்கு நிற்பவர் உட்பட, டிஸ்க்கின் நேர்கோட்டில் நிற்கக் கூடாது. நீங்கள் குனிந்திருந்தது அந்தக் கோட்டில்தான். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கட்டிங் டிஸ்க்கைப் படுக்க வைத்துப் பிசிறு தேய்ப்பது இன்னொரு காரணம். அந்த டிஸ்க் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தேய்ப்பதற்கு 6 மில்லிமீட்டர் கனமுள்ள கிரைண்டிங் வீல் தனியாக இருக்கிறது. கீழே விழுந்த டிஸ்க், ஈரம் பட்ட டிஸ்க், நடு வளையத்தில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதி கடந்த டிஸ்க் ஆகியவற்றையும் மாட்டக் கூடாது.

உடைந்த டிஸ்க்கின் நடுப்பகுதி கிடைத்தால் அதில் எழுதியிருக்கும் எண்களைப் படித்து இங்கே எழுதுங்கள். அதைப் பார்க்காமல் காரணம் சொல்வது ஊகமாகிவிடும்.

பதில் 2
எழுதியவர்: லேத் ஆபரேட்டர்

கையுறை பற்றி மட்டும் எழுதுகிறேன். உங்களிடம் சொன்ன இருவரும் தத்தம் மெஷினை மனத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். லேத் எனும் கடைசல் மெஷினிலும், தரையில் நிற்கும் டிரில்லிங் மெஷினிலும் கையுறை கூடவே கூடாது. நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழலும் டிரில் பிட், நீங்கள் திடுக்கிட்டுக் கையை இழுக்க எடுத்துக்கொள்ளும் கால் நொடிக்குள் நான்கு சுற்று சுற்றிவிடும். கையுறையின் ஒரு நூல் பிட்டில் சிக்கினால் போதும், விரலும் அதோடு போகும். முழுக்கைச் சட்டையின் தொங்கும் முனை, மோதிரம், கயிறு, கழுத்தில் போட்ட துண்டு எல்லாவற்றுக்கும் இதே விதிதான். சுருள் இரும்பை மெஷின் நின்ற பிறகு பிரஷ்ஷால் தள்ளுங்கள். துடைக்கும் கழிவு நூலைச் சுழலும் எதன் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். என் கண்ணெதிரே ஒருவருடைய கட்டைவிரல் அப்படித்தான் போனது. மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவருடைய மறுகைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அழுத்த நேரம் கிடைக்கவில்லை.

கையில் பிடிக்கும் ஆங்கிள் கிரைண்டருக்கு, இரண்டு கைகளும் மெஷினின் பிடிகளில் இருப்பதால், கைக்கு இறுக்கமாகப் பொருந்தும் தோல் கையுறை போடலாம். தொளதொளப்பான துணிக் கையுறை அதற்கும் ஆகாது. கண்ணுக்கு, முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகும் முகக்கவசம் மட்டும் போதாது, அதற்குள்ளே பக்கவாட்டு மறைப்புள்ள கண்ணாடியும் வேண்டும். பொறி கீழிருந்து எகிறி முகக்கவசத்துக்குள் நுழையும்.

பதில் 3
எழுதியவர்: வயர்மேன்

மின்சாரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டிஸ்க் மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். பேட்டரி மெஷினாக இருந்தால் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பூட்டி வைக்கும் சுவிட்ச் (விரலை எடுத்தாலும் அணையாமல் நிற்பது) உள்ள கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால், மெஷினைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போவது வழக்கம். மின்சாரம் திரும்பி வந்ததும் அது தானாக ஓடத் தொடங்கிப் பாம்பு போலத் தரையில் துள்ளும். மின்தடை ஏற்பட்ட உடனே சுவிட்சை விடுவிக்கும் பழக்கத்தைக் கைக்குக் கற்றுக்கொடுங்கள். பட்டறை இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறதா என்றும் உரிமையாளரிடம் கேளுங்கள்.

மறுமொழி
எழுதியவர்: பட்டறை மாணவன்

அனைவருக்கும் நன்றி. குப்பையில் தேடி நடுப்பகுதியை எடுத்தேன். அதில் 180 (மில்லிமீட்டர், அதாவது 7 இன்ச்) என்றும், அதிகபட்ச வேகம் நிமிடத்துக்கு 8,500 சுற்று என்றும் எழுதியிருக்கிறது. பெரிய மெஷினில் தேய்ந்து சிறுத்த 7 இன்ச் டிஸ்க்குகளை வீணாக்காமல் 5 இன்ச் மெஷினில் மாட்டுவது எங்கள் பட்டறையில் வழக்கமாம். இரண்டுக்கும் நடு ஓட்டை ஒரே அளவு. சிதறிய துண்டுகளைச் சேர்த்து அளந்ததில், உடைந்தபோது அது 6 இன்ச் குறுக்களவு இருந்திருக்கிறது.

பதில் 4
எழுதியவர்: பழைய ஃபேப்ரிகேட்டர்

காரணம் கிடைத்துவிட்டது. 8,500 சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது என்று எழுதியிருக்கும் டிஸ்க், 11,000 சுற்றில் ஓடியிருக்கிறது. சுழலும் பொருளைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், அந்தக் கூடுதல் வேகத்தில் அது ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். 6 இன்ச் அளவில் விளிம்பு வேகம் நொடிக்கு 86 மீட்டருக்கு மேல்; இவ்வகை டிஸ்க்குகளுக்கான வரம்பு 80 மீட்டர். வெட்டு சற்றுக் கவ்வியிருந்தாலும் உடைய அதுவே போதும். தேய்ந்து 5 இன்ச்சுக்கு வந்துவிட்டால் மாட்டலாமே என்று யாராவது சொல்வார்கள். டிஸ்க்கில் எழுதியிருக்கும் சுற்று எண்தான் கணக்கு, அது தேய்வதால் கூடுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 6 இன்ச் டிஸ்க் 5 இன்ச் கார்டுக்குள் சுழலாது. கோடு தெரியவில்லை என்று கழற்றியதாகச் சொன்னாலும், அந்தக் கார்டு கழன்றதற்கு உண்மையான காரணம் இதுவாகத்தான் இருக்கும். கழற்றிய டிஸ்க்குகளை அங்கேயே இரண்டாக உடைத்துப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால் யாராவது ஒருவர் அவசரத்துக்கு எடுத்து மாட்டிவிடுவார்.

மறுமொழி
எழுதியவர்: பட்டறை மாணவன்

கார்டு பரணில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது; பிடி ஸ்குரு மட்டும் இல்லை. புதிய ஸ்குரு வாங்கி மாட்டியாயிற்று. இழுப்பறையில் கிடந்த பதினோரு பழைய டிஸ்க்குகளை இன்று காலை உடைத்தோம். தையல் போட்ட கையோடு மூத்தவரே வந்து, ஒவ்வொன்றின் எண்ணையும் எனக்குப் படித்துக் காட்டிய பிறகுதான் உடைக்கக் கொடுத்தார்.