நெய் டின் கிடைக்காத தீபாவளி

ஈசூனிலிருந்து ஓர் அக்கா

எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் முதலில் நெய் பிஸ்கட், முறுக்கு எல்லாம் அப்புறம்தான். இங்கே சிங்கப்பூரில் பலர் இதைச் சுஜி (ரவை) பிஸ்கட் என்பார்கள். ரவை போடாவிட்டாலும் அந்தப் பெயர்தான். மாமியார் கொடுத்த அளவு இன்னும் மாறவில்லை: மைதா 300 கிராம், ஐசிங் சுகர் 120 கிராம், நெய் 200 கிராம்.

வழக்கமாக எல்லை தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ஒரு நடை போய் நெய், பாதாம், முந்திரி எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கி வந்துவிடுவோம். 2020இல் கொரோனாவால் மார்ச் மாதமே எல்லையை மூடிவிட்டார்கள். இங்கேயே லிட்டில் இந்தியாவில், தேக்காவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் கடைசி வாரம்வரை விட்டுவிட்டேன். நவம்பர் 14 தீபாவளி. அதற்கு நான்கு நாள் முன்னால் ஏறி இறங்கிய மூன்று கடையிலும் எங்களுக்குப் பழக்கமான நெய் டின் இல்லை. சின்னப் பாட்டில் நெய் இருந்தது, ஆனால் இரண்டு கிலோ மாவுக்கு அதை வாங்கிக் கட்டுப்படியாகாது.

சரி, பட்டரில் செய்வோம் என்று அதே 200 கிராம் பட்டரைப் போட்டுப் பிசைந்தேன். ஓவனில் வைத்துப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், உருண்டைகள் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஆறிய பிறகு வாயில் போட்டால் கரையவில்லை. நெய் பிஸ்கட்டைக் கடித்து மென்று சாப்பிட வேண்டுமென்றால் அது நெய் பிஸ்கட்டே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) நோன்புப் பெருநாளுக்கு இதே போன்ற பிஸ்கட் செய்து எங்களுக்கு ஒரு டப்பா கொடுப்பவர். அன்று மாலை வாசலில் முகக்கவசத்தோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். பட்டரில் தண்ணீர் இருக்கிறதே, அதை முதலில் காய்ச்சி விரட்ட வேண்டாமா என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. பட்டரில் கொழுப்பு 80 விழுக்காடு சொச்சம்தான், தண்ணீரே ஏறக்குறைய 16 விழுக்காடு இருக்கும். நெய்யோ கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. தண்ணீர் பட்டதும் மைதா இழுவையாகிவிடும், பிஸ்கட்டும் கெட்டியாகிவிடும்.

பாட்டி வெண்ணெய் உருக்குவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் கடையில் தாளில் சுற்றி விற்கும் பட்டர்க் கட்டியைப் பார்த்தபோது, இதுவும் அதே வெண்ணெய்தானே என்று மனசுக்குப் படவே இல்லை.

உப்பில்லாத பட்டர் 250 கிராம் கட்டியை அடிகனமான சட்டியில் சின்னத் தீயில் வைத்தேன். முதலில் வெள்ளை நுரை பொங்கியது. அப்புறம் சடசடவென்று சத்தம், அது தண்ணீர் வெளியேறும் சத்தம். அந்தச் சத்தம் அடங்கும்போது பக்கத்திலேயே நிற்க வேண்டும். அடியில் தங்கும் பொடி பொன்னிறமாகி வாசம் வரும், அரை நிமிடம் விட்டால் கருகிவிடும். மக்சிக் சொன்னபடி இறக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வாசத்துக்கு இரண்டு பாண்டான் (ரம்பை) இலையை முடிச்சுப் போட்டு உள்ளே போட்டேன். பாட்டி முருங்கை இலை போடுவார். வடிகட்டி நிறுத்துப் பார்த்தால் சுமார் 200 கிராம், சரியாக ஒரு ஈடு மாவுக்கு வேண்டிய அளவு!

நெய்யை நன்றாக ஆறவிட்டு, மைதாவையும் வெறும் சட்டியில் லேசாகச் சூடுகாட்டி ஆறவைத்துச் சலித்துக்கொண்டேன். நெய்யை மொத்தமாக ஊற்றாமல் உருட்ட வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். 160 டிகிரியில் பதினெட்டு நிமிடம். மேலே வெள்ளையாகவே இருக்க வேண்டும், சிவக்கக் கூடாது. முதல் டப்பா மக்சிக் வீட்டுக்குப் போனது.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தம்பி

அக்கா, எனக்குப் பாதாம் பிஸ்கட்டில் இதே கதை. பாதாம் தூள் தீர்ந்துபோய், அதே அளவு பொட்டுக்கடலையை அரைத்துப் போட்டேன். வாசம் அருமையாக இருந்தது. ஆனால் பிடித்தால் உருண்டை நிற்கவில்லை, மணல் போல உதிர்ந்தது. பாதாமில் ஏறக்குறைய பாதி எண்ணெய், பொட்டுக்கடலையில் எண்ணெய் மிகவும் குறைவு. உங்களைப் போல நானும் உள்ளே இருப்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த ஈட்டில் 100 கிராம் பொட்டுக்கடலை மாவுக்கு மூன்று மேசைக்கரண்டி நெய் கூடுதலாக விட்டேன், கச்சிதமாகப் பிடிக்க வந்தது. முந்திரி கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை, அதிலும் எண்ணெய் நிறைய உண்டு. வேர்க்கடலை மட்டும் போடாதீர்கள். போட்டால் டப்பா மேல் எழுதி ஒட்டிவிட்டுக் கொடுங்கள். என் அண்ணன் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. பாதாம் பிஸ்கட் என்று நம்பி வாயில் வைத்து ஒருமுறை மருத்துவமனைவரை போய் வந்தோம்.

பிடோக்கிலிருந்து ஒரு பெண்

ஐசிங் சுகர் இல்லாமல் தவித்தவள் நான். 100 கிராம் சீனிக்கு ஒரு தேக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளார்) சேர்த்து மிக்ஸியில் அரைத்து, இரண்டு முறை சலித்தால் போதும். சலிக்காமல் போட்டால் நாக்கில் நறநறக்கும். சோள மாவை விட்டுவிட்டால் நம் ஊர் ஈரக் காற்றில் ஒரு மணி நேரத்திலேயே கட்டிதட்டிவிடுகிறது.

அன்னாசி டார்ட்டுக்கு மேலே முட்டை தடவாமல் சைவம் சாப்பிடுபவர்களுக்குச் செய்ய வேண்டியிருந்தது. பாலில் கொஞ்சம் கண்டன்ஸ்டு மில்க் கலந்து தடவினேன். முட்டையின் பளபளப்பு வராது, நிறம் நன்றாகவே வரும். கடைசி ஐந்து நிமிடத்தில் தடவினால் போதும், முதலிலேயே தடவினால் சீனி கருகும்.

மறுபடியும் ஈசூன் அக்கா

பொட்டுக்கடலை அளவைக் குறித்துக்கொண்டேன், தம்பி. வேர்க்கடலை விஷயத்தை எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் பலகாரம் செய்பவர்கள் எல்லாரிடமும் சொல்கிறேன். ஒன்று விட்டுப்போனது. பட்டர் உருக்கிய சட்டியின் அடியில் தங்கும் கசண்டைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். சட்டி சூடாக இருக்கும்போதே ஒரு பிடி சோறும் கொஞ்சம் சீனியும் போட்டுப் பிசைந்து, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உருண்டை கொடுங்கள்.