பூட்டு நம்பரை யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள்?

வேளச்சேரிவாசி:
டிஜிட்டல் பூட்டு போட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் எல்லாருக்கும் ஒரே ஆறு இலக்க நம்பர்தான், எனக்கும் மனைவிக்கும் அதே, வேலைக்கு வரும் அக்காவுக்கும் அதே, எதிர்வீட்டு ஆன்ட்டிக்கும் அதே. பொங்கலுக்குத் திருநெல்வேலி போயிருந்தபோது மத்தியானம் இரண்டே முக்காலுக்கு 'கதவு திறக்கப்பட்டது' என்று போனில் வந்தது. யார் என்று பார்த்தால் ஆப்பில் என் பெயர்! நானோ அங்கே இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஒவ்வொருவருக்காகப் போன் போட்டதில் கடைசியில் ஆன்ட்டி எடுத்தார். "உங்க சின்க் ஒழுகி கீழ்வீட்டு சீலிங் நனைஞ்சிடுச்சுப்பா, ப்ளம்பரைக் கூட்டிட்டுப் போனேன்." நல்லதுதான் செய்திருக்கிறார், ஆனால் அந்த இருபது நிமிஷமும் நான் மனசுக்குள் சந்தேகப்பட்டது வேலைக்கு வரும் அக்காவை. இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் ஆளுக்கொரு நம்பர் வைத்தேன். அக்காவுக்குக் காலை 7 முதல் 9 வரை மட்டும் திறக்கும்படி வைக்க, ஒருநாள் பஸ் கிடைக்காமல் 9.20க்கு வந்தவர் வாசலிலேயே நின்றிருக்கிறார், நான் மீட்டிங்கில், போன் சைலண்டில். இப்போது 11 வரை. கூரியர், ப்ளம்பர் என்றால் ஒருமுறை மட்டும் வேலை செய்யும் நம்பர். ஆன்ட்டிக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு எதுவும் வைக்கவில்லை, சின்க் எப்போது ஒழுகும் என்று யார் கண்டது.

மதுரைப் பையன்:
எங்கள் கதை கேமராவில். அம்மா அப்பா மதுரையில், நான் பெங்களூரில், தங்கை சிங்கப்பூரில். ஆப்பின் மெயின் பாஸ்வேர்டையே தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்திருந்தேன். அவர் புதுப் போனில் லாகின் செய்தால் ஓடிபி எனக்கு வரும், அங்கே காலை 7 மணி, இங்கே 4.30. ஆப்பிலேயே 'ஷேர்' என்று ஒன்று உண்டு, அதில் அவரவர் அக்கவுண்டிலிருந்தே பார்க்கலாம், செட்டிங்கில் கை வைக்க முடியாது என்பதெல்லாம் பல ராத்திரித் தூக்கம் போன பிறகுதான் தெரிந்தது.

அதைச் சரிசெய்து முடித்தால் அம்மா ஹால் கேமராமேல் துண்டைப் போட்டுவிட்டார். "செத்த நேரம் காலை நீட்டி உட்கார்ந்தா, மாத்திரை போட்டியான்னு சிங்கப்பூர்ல இருந்து போன் வருதுடா." நியாயம்தானே? பார்க்கிற எங்களுக்குள்தான் பேசிக்கொண்டோம், பார்க்கப்படுகிறவரைக் கேட்கவே இல்லை. ஹால் கேமராவைக் கழற்றியாச்சு, வாசலில் மட்டும் இருக்கிறது.

ஓசூர்க்காரி:
நம்பர் மட்டும் கொடுத்தால் போதாதுங்க. எங்கள் பூட்டுக்கு நாலு டபுள் ஏ பேட்டரி. அது செத்துவிட்டால் வெளிப்பக்கம் அடியில் இருக்கும் இரண்டு புள்ளியில் 9 வோல்ட் பேட்டரியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நம்பரை அடிக்க வேண்டும். அத்தைக்கு நான் அதைச் சொல்லவே இல்லை, இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். பேட்டரி குறைகிறது என்று வாரக்கணக்கில் என் போனுக்கு வந்துகொண்டிருந்ததையும் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். இரும்புச் சாவி என் ஹேண்ட்பேக்கில், ஹேண்ட்பேக் ஆபீஸில்.

வேளச்சேரிவாசி:
ஐயோ, எங்கள் சாவி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்றைக்கே ஆன்ட்டியிடம் கொடுத்துவிடுகிறேன்.