பார்வையில்லாதவருக்கு புது டெஸ்க்டாப்: அசெம்பிள் பண்ணலாமா, கம்பெனி பெட்டியா வாங்கலாமா?

குடியாத்தம்_வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். குடியாத்தம் பக்கம் கவர்மென்ட் ஸ்கூல்ல சோஷியல் வாத்தியாரா இருக்கேன், பிறவியிலேயே பார்வை கிடையாது, ஸ்கிரீன்ல இருக்கறத படிச்சு சொல்ற என்விடிஏங்கற ஸ்கிரீன் ரீடர் சாஃப்ட்வேர் வெச்சுதான் எல்லா வேலையும் ஓடுது. இப்ப இருக்கற லேப்டாப் ஏழாவது ஜெனரேஷன் ஐ5. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, சரி 11 ஏத்தலாம்னா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனாவது வேணும்னு அது ஒத்துக்க மாட்டேங்குது. பேட்டரி போயி ரொம்ப நாளாச்சு, கீபோர்டும் பாதி கீ சொன்ன பேச்சு கேக்கறதில்ல. அதனால இந்த தடவ டெஸ்க்டாப்தான்னு முடிவு.

வேலைன்னு பாத்தா கொஸ்டின் பேப்பர், மார்க் லிஸ்ட், பாடப்புத்தக பிடிஎஃப்ப ஓசிஆர் பண்ணி (படமா இருக்கற எழுத்த டெக்ஸ்டா மாத்தி) படிக்கறது, சாயங்காலம் ரீப்பர்ங்கற சாஃப்ட்வேர்ல கொஞ்சம் ஆடியோ எடிட்டிங், பசங்களுக்கு பாடம் ரெக்கார்ட் பண்ணி அனுப்பறேன். பட்ஜெட் 45 ஆயிரம், கொஞ்சம் முன்னபின்ன ஆனாலும் பரவால்ல.

அக்கா பையன் இன்ஜினியரிங் படிக்கறான், "மாமா நீ காச மட்டும் குடு, மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட் போயி பார்ட்ஸ் வாங்கினு வந்து நானே ஏத்தித் தரேன்"ங்கறான். வீட்டுல அவங்க இன்னா சொல்றாங்கன்னா, அவன் ஏத்திட்டு ஹாஸ்டலுக்கு போயிடுவான், நாளைக்கு ஒண்ணுன்னா யார கூப்புடுவீங்க, பேசாம கம்பெனி பெட்டியா வாங்குங்கன்னு. ரெண்டு பேர் சொல்றதும் நியாயமாத்தான் படுது. கடைல கேக்கலாம்னு போனா "உங்களுக்கு எதுக்கு சார் கம்ப்யூட்டர், போன் போதாதா"ன்னு ஆரம்பிக்கறாங்க, அங்க கேட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல. இன்னொண்ணு, மானிட்டர் வாங்கணுமா? எனக்கு அது தண்டச்செலவுதானே?

காட்பாடி_ஸ்குரூடிரைவர்:

சார், நான் அசெம்பிளி தொழில்லயே இருக்கறவன், அதனால ஒரு பக்கமா பேசறேன்னு நெனச்சாலும் பரவால்ல, அசெம்பிள் பண்ணுங்க. உங்களுக்கு கிராபிக்ஸ் கார்டே தேவையில்ல, அங்கயே பெரிய காசு மிச்சம். ஒண்ணு மட்டும் தம்பிகிட்ட கண்டிப்பா சொல்லுங்க, இன்டெல் சிபியு (பிராசஸர்) எடுத்தா நம்பர் கடைசில எஃப்னு முடியறத எடுக்கக்கூடாது, 12100 ஓகே, 12100எஃப் வேணாம், அதுல உள்ளயே இருக்கற கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டி பக்கம் 5600ஜி மாதிரி ஜின்னு முடியறது நல்லது. ரேம் இப்ப வெல தாறுமாறா ஏறிக்கெடக்கு, இருந்தாலும் 16 ஜிபிக்கு கீழ போவாதீங்க, 8 வெச்சுகினு குரோம்ல பத்து டேப் தொறந்தா ஸ்கிரீன் ரீடர் திக்கித்திக்கி பேசும். ஸ்டோரேஜுக்கு வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி 500 ஜிபி போதும், ரெக்கார்டிங் சேர சேர பின்னாடி இன்னொண்ணு போட்டுக்கலாம்.

கேபினட்டுக்கு கண்ணாடி, கலர் லைட்டுன்னு ஒரு பைசா தர வேணாம். பவர் பட்டன் ரீசெட் பட்டன் ரெண்டும் தடவிப் பாத்தா வேற வேறன்னு தெரியணும், ஹெட்போன் ஓட்டை முன்னாடி இருக்கணும், அது போதும். நம்மூரு வெயிலுக்கு பின்னாடி ஒரு ஃபேன், முன்னாடி ஒரு ஃபேன். ஏப்ரல் மே மாசத்துல மத்தியானம் வேலூர்ல பெட்டி எப்படி கொதிக்கும்னு தெரியுமில்ல.

மானிட்டர் வாங்காதீங்க, வீட்டு டிவில எச்டிஎம்ஐ இருக்கும்ல, யாராச்சும் பாக்கணும்னா அதுல சொருகிக்கலாம்.

ஆற்காடு_மக்கன்பேடா:

வாத்தியார் சார், நானும் பார்வையில்லாதவன்தான், பேங்க்ல வேல, வீட்டுல டெஸ்க்டாப். மேல ஸ்குரூடிரைவர் அண்ணன் சொன்ன பார்ட்ஸ் விஷயம் எல்லாம் சரி, ஆனா நம்ம கஷ்டம் பார்ட்ஸ்ல இல்ல. கண்ணு தெரியறவங்களுக்கு மெஷின் கெட்டா ஸ்கிரீன்ல ஏதோ ஒண்ணு எழுதி வரும். நமக்கு ரேம் லூஸா இருந்தாலும் சரி, ஆடியோ டிரைவர் போனாலும் சரி, விண்டோஸ் அப்டேட் பாதில நின்னாலும் சரி, எல்லாத்துக்கும் ஒரே அறிகுறி, பேச்சு வராது, அவ்ளோதான். அதனால அசெம்பிளா கம்பெனியான்றத பின்னாடி பாத்துக்கலாம், பெட்டி ஊமையா போனா என்ன ஆச்சுன்னு நீங்களே எவ்ளோ தூரம் கண்டுபிடிக்க முடியும், மொதல்ல அத யோசிங்க.

அசெம்பிள்தான்னா பசங்க விட்டுடற சாமான் ஒண்ணு இருக்கு. இப்ப வர நெறைய மதர்போர்டுல பீப் ஸ்பீக்கர் கூட வர்றதில்ல, கோளாறுன்னா குட்டி எல்இடி எரியும், அது நமக்கு எதுக்கு. நாலு பின் கனெக்டர்ல சொருகற மாதிரி சின்ன பஸ்ஸர் தனியா கெடைக்கும், ஒரு டீ வட செலவுதான் ஆகும். ஸ்பீக்கர்னு பின் இருக்கற போர்டா பாத்து எடுத்து அத சொருகச் சொல்லுங்க. ரேம் உக்காரலன்னா பீப் பீப்னு கத்தும், அந்த சத்தத்த வெச்சே போன்ல ஒருத்தர்கிட்ட கேட்டுடலாம்.

அப்புறம் ஒரு யுஎஸ்பி சவுண்ட் கார்டு எப்பவும் மேசை டிராயர்ல கெடக்கணும். போர்டோட ஆடியோ டிரைவர் மக்கர் பண்ணா இத சொருகினா விண்டோஸ் தன்கிட்ட இருக்கற டிரைவர வெச்சே எடுத்துக்கும், பேச்சு திரும்ப வந்துடும். புளூடூத் ஹெட்போன நம்பாதீங்க, ஸ்கிரீன் ரீடருக்கு அது ஆகாது, ஒவ்வொரு தடவையும் மொத எழுத்த முழுங்கும், கீ அடிச்சு கொஞ்சம் கழிச்சுதான் சொல்லும். ஒயர் போட்டதுலயும் சில ஆடியோ சிப் சும்மா இருந்தா தூங்கிடும், அதுக்கு என்விடிஏ ஆடியோ செட்டிங்ல பேசி முடிச்சப்புறமும் டிவைஸ முழிப்பா வெச்சிருக்க ஒரு ஆப்ஷன் இருக்கு.

டிவில சொருகற யோசனைல ஒரு வில்லங்கம் இருக்கு. எச்டிஎம்ஐ சொருகின ஒடனே விண்டோஸ் சில நேரம் ஆடியோவ டிவிக்கு தள்ளிடும். டிவி சவுண்டு கொறஞ்சிருந்தா போச்சு, மெஷின் செத்துடுச்சுன்னு நெனச்சுகினு உக்காந்திருப்போம், அது பாட்டுக்கு அங்க பேசிகினு இருக்கும். என்விடிஏ எந்த டிவைஸ்ல பேசணும்னு அந்த ஆடியோ செட்டிங்லயே பேர் சொல்லி கட்டிப்போட்டுடுங்க. முடிஞ்சா டிவைஸ் மேனேஜர்ல எச்டிஎம்ஐ ஆடியோவையே டிசேபிள் பண்ணிடுங்க.

என் ஓட்டு யாருக்குன்னா, பழைய ஆபீஸ் மெஷின். ஆப்டிபிளக்ஸ், திங்க்சென்டர், எலைட்டெஸ்க் மாதிரி கம்பெனிங்க யூஸ் பண்ணிட்டு கழிச்சது ரீஃபர்பிஷ்டுன்னு விக்கறாங்க. எட்டாவது ஜெனரேஷனுக்கு மேல பாத்து எடுத்தா விண்டோஸ் 11 ஓடும். அதுல நெறைய மாடல்ல பெட்டிக்குள்ளயே சின்ன ஸ்பீக்கர் இருக்கு, ஹெட்போன் புடுங்கிகினாலும் மெஷின் பேசும். உங்க பட்ஜெட்ல பாதிகூட ஆகாது.

காட்பாடி_ஸ்குரூடிரைவர்:

மக்கன்பேடா அண்ணே, பஸ்ஸர் மேட்டர் சூப்பர், இனிமே நம்ம கடைல யார் கேட்டாலும் கேக்காட்டியும் போட்டுத் தரப்போறேன். ஆனா ஆபீஸ் பெட்டில சிக்கல் இன்னான்னா நெறைய மாடல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் (பவர் சப்ளை) போர்டும் அந்தக் கம்பெனிக்குன்னே செஞ்சது, கனெக்டரே வேற மாதிரி இருக்கும். எஸ்எம்பிஎஸ் போச்சுன்னா குடியாத்தத்துல எங்க போயி தேடுவாரு? பெங்களூர்லேந்து வர்ற வரைக்கும் பெட்டி சும்மா கெடக்கும். சாதா அசெம்பிளி பெட்டின்னா எந்தக் கடைல கேட்டாலும் அன்னிக்கே மாத்திடலாம்.

சார் நீங்களும் கை வெச்சுப் பாக்கணும்னு ஆச இருந்தா தாராளமா செய்யலாம், ரேம்ல நடுவுல வெட்டு இருக்கு, தப்பா சொருகினா எறங்காது, போர்டுலயே சொருகற எம்.2 எஸ்எஸ்டியும் அப்படித்தான். சிபியு மட்டும் தம்பி போடட்டும். இப்ப வர இன்டெல் போர்டுலயும் ஏஎம்டியோட புது சாக்கெட் ஏஎம்5லயும் சாக்கெட்டுக்குள்ளதான் ஊசி ஊசியா பின் இருக்கும், தடவிப் பாத்தா வளைஞ்சிடும், போர்டே போயிடும். 5600ஜி போடற பழைய ஏஎம்4ல பின்னு சிபியு பக்கம் இருக்கும், அதுலயும் பொறுமை வேணும்.

ராணிப்பேட்டை_ரயில்:

வாரன்டி பத்தி யாரும் சொல்லல. அசெம்பிள்னா ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனி பில்லு, தனித்தனி வாரன்டி, கெட்டது எதுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சு அனுப்பணும். புது கம்பெனி பெட்டின்னா ஆன்சைட் வாரன்டி இருக்கற மாடலா பாருங்க, ஆளு வீட்டுக்கு வருவான். வர்றவன் டிவைஸ் ரீசெட்டுன்னு சொல்லி என்விடிஏ செட்டிங்க தொடச்சிட்டுப் போவான், அது தனிக் கத. கான்ஃபிக் ஃபோல்டர பென்டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிக்குங்க. யூபிஎஸ் சேத்து பட்ஜெட் போடுங்க, நம்ம பக்கம் கரண்டு எப்ப போவும்னு சொல்ல முடியாது. கத்தற சத்தத்த ஆஃப் பண்ண முடியற யூபிஎஸ்ஸா வாங்கினா காது பொழைக்கும்.

குடியாத்தம்_வாத்தியார்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. எச்டிஎம்ஐ கத படிச்சப்போ சிரிப்பு வந்துடுச்சு, ஸ்கூல்ல புரொஜெக்டர் சொருகினா என் லேப்டாப்பும் அதே வேலையத்தான் பண்ணும். விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி போர்டு செட்டிங் மாத்தற பயாஸ்ல எப்படி சமாளிக்கறீங்க? அங்க எந்த ஸ்கிரீன் ரீடரும் வராதே. விண்டோஸ் ஏத்தறப்போவும் பக்கத்துல ஆள் வேணுமா?

ஆற்காடு_மக்கன்பேடா:

நம்ம வாங்கற போர்டுல பொதுவா பயாஸ் பேசாது சார். ஒரு தடவ உள்ள போயி எல்லாத்தையும் செட் பண்ணிட்டா திரும்ப போற வேலை பெரும்பாலும் வராது. தம்பி ஏத்தற அன்னிக்கே விண்டோஸ் 11 கேக்கற டிபிஎம்ங்கற செக்யூரிட்டி வசதிய ஆன் பண்ணச் சொல்லுங்க, கரண்டு போயி வந்தா தானா ஆன் ஆகற ஆப்ஷன வெச்சிடச் சொல்லுங்க, பென்டிரைவ்ல பூட் ஆக எந்த கீன்னு போர்டு பேரோட எழுதி வாங்கிக்குங்க. அவசரத்துக்கு பி மை ஐஸ் ஆப்ல (பார்வையுள்ளவங்க வீடியோ கால்ல பாத்து உதவறது) ஆள கூப்ட்டு போன டிவி முன்னாடி காட்டினா படிச்சு சொல்லுவாங்க, ஏஐயும் படிக்கும், ஆனா எது செலக்ட் ஆயிருக்குன்னு கேட்டா சில நேரம் அடிச்சு விடும், மனுஷன்தான் நல்லது.

விண்டோஸ் ஏறினப்புறம் பேரு, வைஃபை கேக்கற இடத்துலேந்து கன்ட்ரோல் விண்டோஸ் என்டர் மூணையும் சேத்து அடிச்சா விண்டோஸோட சொந்த ஸ்கிரீன் ரீடர் நரேட்டர் பேசும், அங்கேந்து நீங்களே முடிச்சுடலாம். அப்புறம் என்விடிஏ போட்டுட்டு தமிழ் லாங்குவேஜ் பேக்க எறக்குங்க, வள்ளுவர்னு ஒரு குரல் வரும், என்விடிஏ கூடவே வர்ற ஈஸ்பீக் தமிழ் குரல விட கேக்க எவ்ளோவோ தேவல, வேகமா வெச்சா மட்டும் ஈஸ்பீக்தான். அக்கா பையன் ஹாஸ்டல்லேந்து உதவணும்னா என்விடிஏ 2025.1லேந்து ரிமோட் ஆக்சஸ் உள்ளயே வருது, உங்க பெட்டிய அவன் அங்கேந்து ஓட்டலாம், ஆனா பேச்சு இருந்தாத்தான்.

குடியாத்தம்_வாத்தியார்:

அப்போ அசெம்பிளிக்கே போறேன், ரிப்பேரு இங்கயே ஆவும்ங்கறதுதான் எனக்கு பெருசா படுது. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு பதிலா காட்பாடிலயே வாங்கறேன், தம்பியும் கூட வருவான். ஸ்குரூடிரைவர் தம்பி, ஞாயித்துக்கிழம கட தொறந்திருக்குமா?

காட்பாடி_ஸ்குரூடிரைவர்:

மத்தியானம் வரைக்கும் இருக்கும் சார், வாங்க. உங்க ஹெட்போனையும், போர்ட்டபிள் என்விடிஏ போட்ட பென்டிரைவையும் எடுத்துனு வாங்க, விண்டோஸ் ஏத்தி அதுல நீங்களே பேச வெச்சுப் பாத்தப்புறம் பில்லு போடலாம்.