பெஸ்விக் குதிரையின் காலில் பழுப்புக் கறை, எப்படி எடுப்பது?

பரண்தேடி:
அவசரம். கார் பூட் சேலில் (காரின் பின்பெட்டியில் வைத்துப் பழைய பொருள் விற்கும் சந்தை) பெஸ்விக் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பீங்கான் குதிரை ஒன்று வாங்கினேன். காலில் பழுப்பாகக் கறை. சோப்புத் தண்ணீரில் கழுவியும் போகவில்லை. வெள்ளிக்கிழமை அப்பாவின் பிறந்தநாள், அவருக்குத்தான் இது. பிளீச்சில் ஊறப் போடலாமா?

செம்மண்:
பிளீச் வேண்டவே வேண்டாம். என்ன நிறம்? எந்தக் கால்? கறை கிளேஸுக்கு (கண்ணாடி போன்ற மேல்பூச்சு) மேலா, உள்ளேயா? படம் போடுங்கள்.

ஊசிக்கண்:
உயரம்? அப்புறம், தண்ணீரில் எவ்வளவு நேரம் இருந்தது?

பரண்தேடி:
சாம்பல் நிறம், பளபளப்பு. ஒரு சாண் உயரம், கனமான வண்டிக்குதிரை. இடது முன்னங்கால், முழங்காலுக்குக் கீழே. படம் இரவு போடுகிறேன்.

செம்மண்:
அப்படியானால் ஷையர் மேர் (ஷையர் இனப் பெண்குதிரை), மாடல் 818. பெஸ்விக் குதிரைகள் எர்த்தன்வேர் (ஈரம் உறிஞ்சும் சுடுமண்), போர்சலின் அல்ல. உள்மண் காலப்போக்கில் ஈரத்தை இழுத்துக் கொஞ்சம் விரியும். கிளேஸ் அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் மயிரிழையாக வெடிக்கும். அந்த வெடிப்பு வழியாக அழுக்கு உள்ளே போய்ப் பழுப்பாகத் தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் மட்டும் சுற்றி, காய்ந்துபோகாமல் பிளாஸ்டிக்கால் மூடி வையுங்கள். பிளீச் போட்டால் உப்பு உள்ளே தங்கிவிடும். காயும்போது அது படிகமாகி கிளேஸையே உரித்துத் தள்ளும்.

லாங்டன்ரசிகர்:
இதே கேள்வி இங்கே திரும்பத் திரும்ப வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். 818 ஊரெல்லாம் கிடைக்கும். இதை விட்டுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊசிக்கண்:
அப்பாவுக்கு வாங்கியிருக்கிறார், அப்படிச் சொல்லாதீர்கள். செம்மண், ஒரே காலில், ஒரே இடத்தில் மட்டும் கறை என்றால் எனக்கு அது பழைய ரிப்பேர் என்றுதான் படுகிறது. குதிரை பொம்மையில் முதலில் உடைவது காலும் காதும்தான். ஒட்டியவர்கள் ஒட்டு தெரியாமலிருக்க நல்ல கிளேஸின் மேலும் சேர்த்துப் பெயின்ட் அடித்து, வார்னிஷ் பூசிவிடுவார்கள். அது வெளிச்சம் பட்டுப் பட்டு மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். இருட்டறையில் யூவி (புற ஊதா) டார்ச் அடித்துப் பாருங்கள், பூசிய இடம் தனியாகத் தெரியும். ஊசி முனையால் மெல்ல அழுத்துங்கள். பெயின்ட் என்றால் முனை பதியும், கிளேஸ் என்றால் வழுக்கும்.

வேப்பமரம்:
முத்திரையில் பெஸ்விக் என்றிருந்தால் 1969க்கு முந்தியதுதானே? ராயல் டால்டன் கம்பெனி அந்த வருடம்தானே பெஸ்விக்கை வாங்கியது? அப்படியானால் விலை கூடுமே.

லாங்டன்ரசிகர்:
தவறு. கம்பெனி கைமாறிய பிறகும் பெஸ்விக் முத்திரை நீடித்தது. பெஸ்விக்கின் சிற்பி ஆர்தர் கிரெடிங்டன் 1939-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். அவர் வடித்த 818, 1940 முதல் 1989 வரை வந்தது. முத்திரையில் பெஸ்விக் என்றிருப்பதை மட்டும் வைத்து ஐம்பதுகளின் சரக்கு என்று விற்பது ஏமாற்று.

வேப்பமரம்:
நான் விற்கவில்லை ஐயா, கேட்டேன். வண்ணத்தை வைத்துக் காலம் சொல்ல முடியாதா?

லாங்டன்ரசிகர்:
கையால் நிறம் ஏற்றியவை, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், பத்து உருப்படியையாவது கையில் எடுத்துப் பார்த்த பிறகு காலம் பேசுங்கள்.

செம்மண்:
காலத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். பரண்தேடி, படம் என்னாயிற்று?

பரண்தேடி:
டார்ச் இல்லை. ஊசி பதிந்தது. அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சியால் தேய்த்தேன், பஞ்சு பழுப்பாகிவிட்டது. அடியில் வெள்ளைக் கால், குறுக்கே ஒரு கோடு. இதோடு நிறுத்தலாமா?

ஊசிக்கண்:
நிறுத்துங்கள். அசல் நிறம் கிளேஸுக்கு அடியில் இருக்கிறது, அசிட்டோன் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் கோட்டுக்குள் இறங்கினால் பசை இளகலாம். கால் ஆடினால் பாரலாய்டு பி-72 என்ற பசை (அசிட்டோனில் கரையும்) வாங்கி ஒட்டுங்கள், பின்னால் பிரிக்க வேண்டியிருந்தாலும் பிரிக்கலாம். ஆடவில்லை என்றால் அப்படியே கொடுங்கள், ஒட்டுக்கோடு தெரிந்தால் குறை ஒன்றுமில்லை.

செம்மண்:
ரிப்பேர்தான், சரி. மற்ற மூன்று கால்களிலும் காதுகளிலும் ஊசி வைத்துப் பார்த்தீர்களா?